மானம் கப்பலேறிய கதை – 4: மருந்துக்கடைக்காரர் வைத்த ரசம்

போன வாரம் கப்பலை சவுதாம்ப்டன் துறையில் கட்டிப்போட்டுவிட்டு 'தொடரும்' போட்டேன். நீங்கள் அடுத்த இதழுக்குக் காத்திருந்த நேரத்தில் அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வட கடலுக்கு வந்துவிட்டது. நார்வேக்குப் போகிறோம். இரண்டாம் நாள் முழுக்கக் கடல்தான், கரை கிடையாது. சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் தண்ணீர், அதற்கு மேலே அதே சாம்பல் நிறத்தில் வானம். இரண்டும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி உலுக்கினாள்.

"ஏங்க, காலைச் சாப்பாடு இன்னும் முடியல. அதுக்குள்ள மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசை நிக்கி."

கப்பல் பயணம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான்: ஏழு நாள் கல்யாணம், மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் கிடையாது. காலைப் பந்தி, பதினோரு மணிக்கு பிஸ்கட், மத்தியானப் பந்தி, நாலு மணிக்குத் தேநீரும் கேக்கும், ராத்திரி விருந்து, அதற்கப்புறமும் பசித்தால் மேல்தளத்தில் ஒரு பந்தி. கூட வந்தவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ்காரர்கள். ஒருவரும் முண்டியடிக்கவில்லை. எங்கே இரண்டு பேர் சும்மா நின்றாலும் அவர்களுக்குப் பின்னால் மூன்றாவது ஆள் வந்து நிற்கிறார். எதற்கு வரிசை என்று பிறகுதான் விசாரிக்கிறார்.

இது பிரிட்டிஷ்காரர்களை நம்பி ஓடும் கப்பல் என்பதற்கு அறைக்குள்ளேயே சாட்சி இருந்தது: மேசைமேல் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில். அமெரிக்கர்களுக்கென்று ஓடும் கப்பல்களில் இதை எதிர்பார்க்கக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். கடலில் என்ன ஆபத்து வந்தாலும் முதலில் ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டுத்தான் அடுத்த காரியம் என்பது இந்த மக்களின் கொள்கை. அந்தக் கெட்டிலை மனைவி முதல் நாளே கைப்பற்றிவிட்டாள். அவள் பெட்டியில் இருந்தவை: பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு பாட்டில் புளிக்காய்ச்சல். சாப்பாட்டுக்கூடத்தில் வெறும் சோறு வாங்கிக்கொள்வாள். கைப்பையிலிருந்து பாட்டில் வெளியே வரும்.

எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. "ஊர் சுத்தத்தான வந்தோம்? அவங்க சாப்பாட்டைச் சாப்பிட்டாத்தான அவங்களைத் தெரிஞ்சுக்க முடியும்" என்றேன்.

"என்ன போட்டிருக்கான்னு தெரியாம எதையும் வாயில வைக்க மாட்டேன்" என்றாள். எங்கள் இருவர் வீடும் பரம்பரை சைவம். முட்டை சேர்ந்த கேக்குக்கே அவள் தனியாக யோசித்து முடிவெடுப்பவள்.

கப்பலையும் சைவத்தையும் ஒன்றாக நினைத்தால் காந்தி வராமல் இருக்க மாட்டார். 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் 'கிளைட்' என்ற கப்பலில் ஏறியபோது அவருக்கு வயது பதினெட்டு. மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்துகொடுத்திருந்தார். கத்தியும் முள்கரண்டியும் பிடித்துப் பழக்கமில்லை. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று பரிசாரகரிடம் கேட்கவும் கூச்சம். ஆகவே மேசைப் பக்கமே போகாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். உடன் வந்த ஆங்கிலேயர் ஒருவர், பிஸ்கே விரிகுடா வந்தால் உன் சத்தியம் தாங்காது, அந்தக் குளிருக்கு மாமிசம் இல்லாமல் முடியாது என்று அன்பாகப் பயமுறுத்தினார். விரிகுடா வந்தது, போனது, காந்தி அசையவில்லை. அத்தோடு விடவில்லை அவர். 'இவர் மாமிசம் சாப்பிடவில்லை' என்று சக பயணியிடம் ஒரு சான்றிதழ் எழுதி வாங்கிக்கொண்டார்! மாமிசம் சாப்பிடுகிறவருக்கும் அப்படியொரு சான்றிதழ் கிடைக்கும் என்பது பிறகுதான் புரிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இறங்கியது சவுதாம்ப்டன் என்பது அவர் நினைவு. நாங்கள் ஏறியதும் அங்கேதான்.

இதையெல்லாம் நான் மனைவியிடம் சொன்னது நம் முன்னோர் எவ்வளவு கூச்சப்பட்டார்கள், நாம் எவ்வளவு முன்னேறிவிட்டோம் என்று காட்ட. அவள் வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியளா, காந்தியே பொட்டலத்தைத்தான் நம்பியிருக்காரு."

பிரிட்டிஷ் சாப்பாட்டு அட்டையைக் கையில் வாங்கும் சைவனுக்கு முதல் சிக்கல் பெயர்கள். மின்ஸ்மீட் என்றால் கொத்துக்கறிதானே? கிடையாது. உலர்ந்த திராட்சை, ஆப்பிள், வாசனைப் பொருள்கள் சேர்ந்த இனிப்புப் பூரணம். ஒரு காலத்தில் உண்மையாகவே கறி போட்டார்கள். கறி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. வெல்ஷ் ராபிட் என்பதில் முயலின் முடிகூட இருக்காது. ரொட்டியின் மேல் உருக்கிய சீஸ். அந்தப் பெயரோடு 1725-லேயே பதிவாகியிருக்கிறது. ஏழை வேல்ஸ்காரனுக்கு சீஸ்தான் முயல் என்ற நக்கல் என்கிறார்கள். பிறகு யாரோ மரியாதைப்பட்டவர்கள் அதை 'ரேர்பிட்' என்று திருத்தினார்கள். கிளாமர்கன் சாஸேஜ் பெயருக்குத்தான் சாஸேஜ். உள்ளே இருப்பது சீஸும் லீக் என்ற வெங்காயத் தண்டும் ரொட்டித்தூளும்.

சரி, பெயரில் மிருகம் இருந்தால் தட்டில் இருக்காது போல என்று சூத்திரம் போட்டுக்கொண்டு கிளம்பினால் அடுத்த வரியில் விழுவீர்கள். ஸ்வீட்பிரெட் இனிப்பும் இல்லை, பிரெட்டும் இல்லை, கன்றுக்குட்டியின் உள்ளுறுப்பு. பிளாக் புட்டிங் என்றால் கறுப்பாக ஏதோ அல்வா என்று நினைக்கவேண்டாம். ரத்தத்தை ஓட்ஸோடு சேர்த்துக் குடலில் அடைத்தது. ஸ்பாட்டட் டிக் என்று ஒரு திராட்சைப் புட்டிங். அந்தப் பெயரைச் சொன்னால் ஆங்கிலேயப் பெரியவர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். வேல்ஸில் ஒரு கவுன்சில் கேன்டீன் வெட்கம் தாங்காமல் 2009-ல் அதை 'ஸ்பாட்டட் ரிச்சர்ட்' ஆக்கியது. வெட்கப்படவேண்டியது பெயருக்கல்ல. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பைத் துருவிப் பிசைந்துதான் பாரம்பரிய முறையில் அதைச் செய்கிறார்கள். இனிப்புக்குள்!

காலையில் நான் ஏமாறப் பார்த்தது கெட்ஜரீயிடம். பெரிய தட்டில் மஞ்சளாக, பொலபொலவென்று ஆவி பறக்க இருந்தது. வடநாட்டுக் கிச்சடிதான் அந்தப் பெயரின் மூலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. கரண்டியை உள்ளே விட்டபோது பருப்பு வரவில்லை. புகைபோட்ட ஹாடக் மீன் துண்டும் கால்வாசி முட்டையும் வந்தன. பருப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மீனை வைத்திருக்கிறார்கள். கரண்டியை வந்த வழியே திருப்பி வைத்தேன். பின்னால் நின்ற பெண்மணி நான் அவருக்காக விட்டுக்கொடுத்ததாக நினைத்து நன்றி சொன்னார்.

ராத்திரி விருந்தில் எங்கள் மேசையில் யார்க்‌ஷயர் தம்பதி ஒன்று. அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எண்பதை எட்டிப்பிடிக்கப்போகிறவர். எதைச் சாப்பிட்டாலும் 'மோசமில்லை' என்பார். அதுதான் அவரது உச்சபட்சப் பாராட்டு என்பதும், ஐம்பது வருஷமாக மனைவியின் சமையலுக்கும் அதையே சொல்லிவருகிறார் என்பதும் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல என்று விளக்கியவர் அவர்தான். கோதுமை மாவு, முட்டை, பால் கரைத்து, கொதிக்கிற மாட்டுக்கொழுப்பில் ஊற்றி அடுப்பில் வைத்தால் கிண்ணம் மாதிரி உப்பி வரும். அந்தக் காலத்தில் கறிக்கு முன்னால் அதைப் பரிமாறுவார்களாம். வயிறு பாதி நிறைந்துவிட்டால் பிள்ளைகள் கறி அதிகம் கேட்கமாட்டார்கள் அல்லவா? நம் வீடுகளில் பாயசத்தைக் கொஞ்சம் தாராளமாக முன்னால் விடும் தந்திரத்துக்கு இது அண்ணன்.

பிரிட்டிஷ் சமையல் ஏன் இப்படி வெளுத்துப்போய் இருக்கிறது என்று அவரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். அவர் ரேஷன் கதையைச் சொன்னார். 1940 ஜனவரியில் தொடங்கிய ரேஷன் 1954 ஜூலையில் கறிக்கான கட்டுப்பாடு நீங்கியபோதுதான் முற்றாக முடிந்தது. யுத்தம் நடந்தபோது ரேஷனுக்குள் வராத ரொட்டி, ஜெயித்த பிறகு 1946-ல் வந்தது. 1953 பிப்ரவரியில் மிட்டாய்க்குக் கட்டுப்பாடு நீங்கிய அன்று பள்ளிக்கூடத்திலிருந்து மிட்டாய்க்கடைக்கு ஓடிய ஓட்டம் இன்னும் காலில் இருக்கிறது என்றார். பதினாலு வருஷம் அளந்து சமைத்த கை பிறகு தாராளமாக நீளாது என்பது சரிதான். ஆனால் எனக்கு அது முழுக்காரணமாகப் படவில்லை. என் காரணத்தைச் சொல்வதற்கு முன் மிளகுத்தண்ணியைச் சொல்லவேண்டும்.

அது மூன்றாம் நாள் ராத்திரி. பகலில் ஸ்டவாங்கர் ஊரில் இறங்கி, வெள்ளை மரவீடுகளைப் பார்த்து, ஒரு காப்பியின் விலையைக் கேட்டு, குடிக்காமல் திரும்பியிருந்தோம். அட்டையில் முதல் வரியிலேயே இருந்தது: மல்லிகட்டானி சூப். பக்கத்தில் சைவம் என்பதற்கான 'வி' எழுத்து. மிளகுத்தண்ணி! வட கடலின் நட்டநடுவில் நம் ஊர் ரசம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சூப் இல்லாமல் விருந்தைத் தொடங்க மதராஸ் துரைமாருக்குத் தெரியவில்லை. நம் சாப்பாட்டில் சூப் என்று தனியாக ஒன்று இல்லை. சமையல்காரர் ரசத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். துரைமார் அதில் எவ்வளவு மயங்கினார்கள் என்றால், மதராஸ் மாகாணத்து வெள்ளைக்காரர்களுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1886-ல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இது இருக்கிறது. பம்பாய்த் துரைமாருக்கு 'டக்'. அங்கே உலரவைக்கும் ஒரு கருவாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பாம்பே டக்'. கருவாட்டை வாத்து ஆக்கியவர்கள் சீஸை முயல் ஆக்கியதில் ஆச்சரியம் என்ன?

கிண்ணம் வந்தது. மஞ்சளாக, கூழ் பதத்தில், நடுவில் கிரீமால் ஒரு சுழி. வாயில் வைத்தேன். ஆப்பிள் தித்தித்தது. கறிப்பொடி மணத்தது. அடியில் கொஞ்சம் சோறு. மிளகு எங்கோ தூரத்தில், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தராமல் இருந்தது. புளி மருந்துக்கும் இல்லை.

பரிமாறிய தம்பி தூத்துக்குடிக்காரர். முதல் நாளே எங்கள் பேச்சைக் கேட்டு "நம்ம பக்கமா, அண்ணாச்சி?" என்று கண்டுபிடித்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து காதோரம் சொன்னார்: "பேரைத் தவிர எல்லாத்தையும் மாத்திட்டாங்க, அண்ணாச்சி. நாங்க யாரும் இதைத் தொட மாட்டோம்."

யார்க்‌ஷயர்க்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, காகிதம் ஒட்டிய ஒரு சின்னக் கறுப்பு பாட்டிலைத் தருவித்து என் பக்கம் நகர்த்தினார். "இதில் நாலு சொட்டு விடுங்கள். உங்கள் ஊர்ப் புளி இதில் இருக்கிறது."

வூஸ்டர் சாஸ். எழுதும்போது வொர்செஸ்டர்ஷயர் என்று வண்டி நிறைய எழுத்து. சொல்லும்போது பாதிக்குமேல் வழியில் இறக்கிவிடுகிறார்கள். நாலு சொட்டு விட்டேன். பிறகு நாற்பது சொட்டு. என்ன சொல்வது! அடிநாக்கில் புளிப்பு, அதன் பின்னால் வெல்லப்பாகு, பூண்டு, இன்னதென்று பிடிபடாத ஓர் ஆழமான உப்புச்சுவை. மிளகுத்தூளை மேலே தூவிக் கலக்கியதும் வாடிக்கிடந்த கிண்ணத்துக்கு உயிர் வந்துவிட்டது. மதராஸ் ரசத்திலிருந்து புளியை எடுத்து எங்கே வைத்தார்கள் என்று தெரியாமல் நூற்றாண்டுக்கணக்காகக் காணாமல்போன பொருள் அகப்பட்ட மாதிரி இருந்தது: பாட்டிலில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் காரணம். நம் ஊரில் சமையல் அடுப்படியிலேயே முடிந்துவிடும். இலையில் உட்கார்ந்து உப்பு கேட்டால் சமைத்தவர் முகம் சுருங்கும். பிரிட்டிஷ் சமையல்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவர் பொறுப்பில் விடுகிறார். அதனால்தான் மேசையில் உப்பு, மிளகு, வினிகர், கடுகு, புதினா சாஸ், பிரவுன் சாஸ் என்று அத்தனை பாட்டில். அந்த மிச்சத்தைச் சமைத்தவர்கள் யார்? லீ, பெரின்ஸ் இருவரும் வூஸ்டர் நகரத்தில் மருந்துக்கடை நடத்தியவர்கள். 1837-ல் இந்த சாஸை விற்பனைக்கு விட்டார்கள். செய்த புதிதில் வாயில் வைக்க வழங்கவில்லை, நிலவறையில் போட்டு மறந்துவிட்டார்கள், பின்னால் திறந்தால் அமிர்தம் என்பது கம்பெனி சொல்லும் கதை. வங்காளத்துக் கவர்னராக இருந்த ஒரு பிரபு கொண்டுவந்த குறிப்பு என்றும் சொல்வார்கள். அந்தக் கதை சொல்லும் பெயரில் வங்காளத்துக்குக் கவர்னரே இருந்ததில்லை.

அதே 1837-ல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற இன்னொரு மருந்துக்கடைக்காரர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். நம் வீட்டுப் பிறந்தநாள்களில் பழத்தோடு கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தோமே, அந்தப் பவுடருக்கு மூலபுருஷர் இந்த நல்ல கணவர்தான். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டை உண்ணும் பொருளாக்கலாம் என்று காட்டியவர் ஜெர்மனியின் வேதியியல் அறிஞர் லீபிக். அதிலிருந்துதான் 1902-ல் பர்ட்டன் ஊரில் மார்மைட் வந்தது. கறிச்சாறு மாதிரி மணக்கும், கறி துளியும் இல்லை. இலங்கைத் தமிழர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ரொட்டியில் தடவியும் வெந்நீரில் கரைத்தும் அவர்கள் வளர்ந்தவர்கள். ஆக, இந்தத் தேசத்துக்கு நாக்கு ருசி எழுதிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் மருந்துச்சீட்டு படிக்கத் தெரிந்தவர்கள். நாலு சொட்டு என்று அளவு சொல்வதும் அதனால்தானோ என்னவோ.

நான் அளவைப் பொருட்படுத்தவில்லை. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் அந்த பாட்டில் என்னோடேயே இருந்தது. அவித்த உருளைக்கிழங்கில் விட்டேன். டோஸ்ட்மேல் கொட்டிய பீன்ஸில் விட்டேன். வெல்ஷ் முயலின் தலைமேல் விட்டேன். ஓல்டனில் பனிமலை பார்த்துத் திரும்பியதும், கெட்டில் வெந்நீரில் சாஸும் மிளகும் கலந்து தம்ளரில் ஊற்றி மனைவியிடம் நீட்டினேன். "ரசம். மூணு நாளா நான் தேடின ரசம்."

மோந்து பார்த்தாள். கீழே வைத்தாள்.

"ஏன்?"

"கேட்டுட்டுக் குடிக்கேன்."

அன்று ராத்திரி தூத்துக்குடித் தம்பி சூப்போடு வந்தபோது பாட்டிலைக் கையில் தூக்கிக் கேட்டுவிட்டாள். "தம்பி, இதுல என்ன இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "அண்ணாச்சிக்குத் தெரியும்லா, மதினி?"

"அவாளுக்குத் தெரியட்டும். எனக்குச் சொல்லுங்க."

"புளி, பூண்டு, வெல்லப்பாகு..." என்று இழுத்தவர் குரலை இறக்கிக்கொண்டார். "நெத்திலி, மதினி. உப்புல ஊறவெச்சது. அண்ணாச்சி நாளைக்கு ஒரு பாட்டில் காலி பண்ணுதாங்களேன்னு நாங்க கிச்சன்லகூடப் பேசிக்கிட்டோம். கடல் தாண்டுனா கட்டுப்பாடு இல்லபோலன்னு நெனச்சோம்."

இன்னதென்று பிடிபடாத அந்த ஆழமான உப்புச்சுவை பிடிபட்டது. கண்ணாடியை அறையிலிருந்து எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. புளிக்கு முந்தின சொல்லே அதுதான். கூச்சப்பட்டுக் கேட்காமல் ஒருவர் கப்பல் முழுக்கப் பட்டினிபோலக் கிடந்தார். கேட்கத் தோன்றாமல் ஒருவன் மூன்று நாள் நெத்திலி குடித்தான். மேசைக்கு எதிரே யார்க்‌ஷயர்க்காரர் என்ன விஷயம் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "ஆனால் ருசி மோசமில்லைதானே?" என்றார்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து, மூடியை எனக்கும் சேர்த்துத் திறந்து, நடுவில் வைத்தாள். ஐந்து நாளாக அதை நான் எத்தனை தரம் அவமானம் என்று சொன்னேன் என்ற கணக்கை மட்டும் வீட்டுக்குத் தொலைபேசியபோது மகளிடம் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு யாரும் சான்றிதழ் எழுதித்தரமாட்டார்கள் என்றும்.

மறுநாள் காலை மேசைக்கு வந்தபோது கறுப்பு பாட்டில் இல்லை. தம்பி அந்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்: ஹெச்.பி. என்ற பிரவுன் சாஸ். நாட்டிங்காம் மளிகைக்கடைக்காரர் கார்ட்டன் என்பவர், பார்லிமென்டில் இருக்கும் உணவகத்திலேயே தன் சாஸைத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1895-ல் அந்தப் பெயரைப் பதிவு செய்தார். பிறகு 150 பவுனுக்கும் கடன் தீர்வதற்கும் ஈடாகக் குறிப்பைக் கைமாற்றிவிட்டார். இதைப் பற்றி நான் வாயைத் திறக்குமுன் மனைவி என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பாட்டிலைத் திருப்பினாள். தக்காளி, வினிகர், வெல்லப்பாகு, பேரீச்சம்பழம், புளி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி எழுத்துவரை போனாள். மீன் இல்லை. மூடியைத் திறக்கப்போனவள், பாட்டிலை முன்பக்கம் திருப்பியதும் கையை நிறுத்திக்கொண்டாள்.

"ஏங்க, பார்லிமென்ட் படம்லா போட்டிருக்கு. நம்பி ஊத்தலாமா?"

(தொடரும்)